கோல்ட் டக்: கறியா, குடிக்கிற பொருளா? 1973இல் நடக்கும் கதையில் ஒரு சந்தேகம்

நூல்வேலி | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். மொழிபெயர்ப்பில் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், உதவி வேண்டும்.

ஒரு அமெரிக்கச் சிறுகதை. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் வீடு, 1973ஆம் ஆண்டின் கடைசி இரவு. சாப்பிட்டு முடித்துப் பாத்திரமும் கழுவியாயிற்று. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்காரம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து ‘கோல்ட் டக்’ எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறாள். மூலத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. மிச்சமிருந்த கறியை எடுத்து வருகிறாள் என்று நினைத்து ‘ஆறிப்போன வாத்துக்கறி’ என்று எழுதிவிட்டேன். பண்டிகை நாளில் அங்கே வாத்து சமைப்பார்கள் என்று படித்திருந்ததால் சந்தேகமே வரவில்லை.

நேற்று திருத்தும்போதுதான் உறுத்தியது. அடுத்த பக்கத்தில் ஐந்து வயதுப் பையனுக்கும் அதில் ஒரு வாய் கொடுக்கிறார்கள். அவனுக்கு மூக்கில் ஏறித் தும்முகிறான். கறி எப்படி மூக்கில் ஏறும்? அகராதியைப் பார்த்தால் ‘ஒருவகை நுரைக்கும் ஒயின்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இது எப்படிப்பட்ட பானம், அந்தக் காலத்தில் யார் குடித்தார்கள்? ஒயினுக்கு எதற்கு வாத்து என்று பெயர்? தமிழில் என்னவென்று எழுதுவது? கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம். ஆனால் மற்ற இரண்டும் தெரியாமல் அதை முடிவு செய்ய மனம் வரவில்லை.


மெய்ப்பு | செவ்வாய், இரவு 9.40

கோல்ட் டக் என்றே தமிழ் எழுத்தில் போட்டு, கீழே ‘இனிப்பான சிவப்பு நுரை ஒயின்’ என்று அடிக்குறிப்பு கொடுங்கள். பானங்களின் பெயரை மொழிபெயர்க்கும் வழக்கம் நமக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘மின்னும் ஒயின்’, ‘பிரகாசிக்கும் ஒயின்’ என்று எழுதிவிடாதீர்கள். போன மாதம்கூட ஒரு புத்தகத்தில் அப்படி வந்திருந்ததைத் திருத்தினேன். அந்த ஒயின் மின்னுவதில்லை. உள்ளே இருக்கும் வாயு குமிழ்விட்டுப் பொங்குகிறது, அவ்வளவுதான். நுரை ஒயின், பொங்கும் ஒயின் இரண்டில் எதுவானாலும் சரி.


ஏரிக்கரை | புதன், காலை 6.05

நூல்வேலி அக்கா, நான் மிச்சிகனில் இருக்கிறேன். இந்தப் பானம் அமெரிக்காவில் பிறந்தது எங்கள் பக்கத்து நகரமான டெட்ராய்ட்டில்தான், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெட்ராய்ட்டில் பொன்சார்ட்ரெய்ன் ஒயின் செல்லர்ஸ் என்று ஒரு உணவகம் இருந்தது. 1701இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கட்டிய கோட்டையின் பெயர் பொன்சார்ட்ரெய்ன், அதைத்தான் உணவகத்துக்கு வைத்தார்கள். உரிமையாளர் ஹரோல்ட் போர்க்மன். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியது. அதற்கு நான்கு வருஷம் கழித்து, 1937இல், சிவப்பு பர்கண்டி ஒயினையும் ஷாம்பெயினையும் ஒன்றாகக் கலந்து கோல்ட் டக் என்ற பெயரில் அவர் கொடுக்க ஆரம்பித்தார். ஜெர்மன்காரர்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு கலவைதான் அவருக்கு மாதிரி. பெயரும் அதிலிருந்து எடுத்ததே.

ரொம்ப நாள் அது அந்த உணவகத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த பானமாக இருந்தது. 1960களில் மிச்சிகன் ஒயின் ஆலைகள் அதைப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்த பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது. கலிபோர்னியாவின் பெரிய நிறுவனமான காலோவும் ஆந்த்ரே என்ற பெயரில் இறங்கியது. 1970களின் தொடக்கத்தில் புத்தாண்டு, கல்யாண நாள், பதவி உயர்வு என்று எந்தச் சாக்கு கிடைத்தாலும் சாதாரண வீடுகளில் இதைத்தான் திறந்தார்கள். உங்கள் கதை 1973 என்பதால் காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்றும் ஆந்த்ரே கோல்ட் டக் கிடைக்கிறது. நான் ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். கடையில் கீழ்த்தட்டில், குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மரத்தக்கை கிடையாது, வெள்ளை பிளாஸ்டிக் தக்கைதான். அதன்மேல் கம்பி முடிச்சு. கம்பியைத் தளர்த்தியதும் கட்டைவிரலைத் தள்ளிக்கொண்டு தக்கை எழும்பியது. உள்ளே நாவல்பழச் சாறு போலக் கருஞ்சிவப்பு. ஊற்றும்போது நுரை மட்டும் ரோஜா நிறத்தில் எழுந்து, நாலு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. வாசனைக்கு ஒயினைவிட ரொட்டியில் தடவும் திராட்சை ஜெல்லிதான் நினைவுக்கு வந்தது. நல்ல இனிப்பு. பழக்கமே இல்லாதவர்களும் முகம் சுளிக்காமல் குடித்துவிடலாம். அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.


பாலைக்குயில் | புதன், காலை 8.31

@ஏரிக்கரை, அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? நம் ஊர் பன்னீர் திராட்சை மாதிரியா?


ஏரிக்கரை | புதன், மாலை 5.50

இல்லை, பன்னீர் திராட்சையின் வாசம் வேறு. கோல்ட் டக்கில் பல ஆலைகள் காங்கர்ட் திராட்சையைச் சேர்த்தன. அமெரிக்க மண்ணுக்கே உரிய லேப்ரஸ்கா இனத்தைச் சேர்ந்த திராட்சை அது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காங்கர்ட் என்ற ஊரில் எப்ரேம் புல் என்பவர் 1849இல் உருவாக்கினார். அமுக்கினால் தோல் தனியாகக் கழன்று சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நம் பக்கத்தில் அதற்கு நெருங்கிய சுவை வேண்டுமானால் பெங்களூர் நீலத் திராட்சை. ஜூஸ் கடையில் பிழிவார்களே, கருநீலமாக, கொட்டையோடு, புளிப்பும் ஒரு கனத்த மணமுமாக. அதிலும் லேப்ரஸ்கா கலப்பு இருக்கிறது. அந்த ஜூஸில் சர்க்கரையை அள்ளிப் போட்டு சோடா ஊற்றினால் வரும் வாசனையை நினைத்துக்கொள்ளுங்கள்.


குருவிக்கூடு | புதன், இரவு 7.15

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே இதை ‘பேபி டக்’ என்பார்கள், ஆந்த்ரே நிறுவனம்தான் செய்தது. என் முதல் வேலையிடத்தில் ஒரு முதியவர், பள்ளி முடித்த வருஷம் குடித்த முதல் ஒயின் பேபி டக்தான் என்று சொன்னார். சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோல்ட் டக்கும் பேபி டக்கும் ஒன்றுதானே?


ஏரிக்கரை | புதன், இரவு 8.02

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் வரும். அமெரிக்காவின் ‘ஆந்த்ரே’ காலோவின் ஒயின் பெயர். கனடாவின் ‘ஆண்ட்ரேஸ்’ தனி நிறுவனம். ஹங்கேரியிலிருந்து வந்த ஆண்ட்ரூ பெல்லர் என்பவர் 1961இல் தொடங்கியது. கோல்ட் டக் அடித்த அலையைப் பார்த்து அவர்கள் 1971இல் கொண்டுவந்ததுதான் பேபி டக். அதில் ஆல்கஹால் 7 சதவீதம்தான். மற்ற நுரை ஒயின்களைவிட வரி குறைவு, விலையும் குறைவு. 1970களில் கனடாவில் மிக அதிகமாக விற்ற ஒயின்களில் அது ஒன்று. கோல்ட் டக்கின் குட்டி என்பதால்தான் பேபி டக். உங்கள் முதியவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அக்காவின் கதை ஒஹாயோவில் நடப்பதால் அங்கே கோல்ட் டக்தான்.


ரைன்கரை | புதன், இரவு 11.20

வணக்கம் உறவுகளே. நான் இருப்பது ஜேர்மனியில். முப்பது வருஷமாக இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஏரிக்கரை தம்பி சொன்ன அந்த ‘ஜேர்மன் மாதிரி’யை நான் கையாலேயே செய்திருக்கிறேன்.

இங்கே அதன் பெயர் கல்ட்ட என்ரெ. கல்ட்ட என்றால் குளிர்ந்த, என்ரெ என்றால் வாத்து. ஆனால் அமெரிக்காவில் போத்தலில் வரும் சிவப்புச் சாமானும் இதுவும் பெயரால் மட்டும்தான் சொந்தம். கல்ட்ட என்ரெ வெள்ளை. தேசிக்காய், உங்கள் எலுமிச்சை, மணக்கும். கடையில் போத்தலிலும் வரும். ஆனால் வயதானவர்களுக்கு அது வீட்டில் கலந்து பெரிய கண்ணாடிச் சாடியில் வைக்கிற விஷயம்.

எங்கள் இல்லத்தில் ஒரு அம்மாவின் 90ஆவது பிறந்தநாளுக்கு அவவே சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஒரு தேசிக்காயை நன்றாகக் கழுவி, தோலை மேலிருந்து கீழே சுருள் சுருளாகச் சீவ வேண்டும். அறுந்துபோகக் கூடாது, பழத்திலிருந்து பிரியவும் கூடாது. பிறகு அந்தச் சுருளின் நுனியைச் சாடியின் விளிம்பில் கொளுவி, பழம் உள்ளே தொங்கும்படி விட வேண்டும். அதன்மேல் குளிர்ந்த வெள்ளை ஒயினை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் தோலின் எண்ணெய் இறங்கும். கடைசியில், பரிமாறும்போது மட்டும், நுரை ஒயின். முதலே ஊற்றினால் நுரை செத்துப்போகும் என்று அவ இரண்டு தரம் சொன்னா. என் சுருள் பாதியில் அறுந்துபோக, அவ கத்தியை என்னிடமிருந்து வாங்கி, நடுங்குகிற கையால் இன்னொரு தேசிக்காயை ஒரே இழுவையில் சீவித் தந்தா. தொங்கிக்கொண்டிருந்த அந்த மஞ்சள் சுருளைப் பார்த்து மேசையில் இருந்த எல்லாரும் தங்கள் வீட்டுச் சாடிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐஸ் வைக்க நடுவில் தனிக் குழாய் உள்ள சாடிகள் பழைய பொருள் சந்தையில் இன்றைக்கும் ‘கல்ட்ட என்ரெ’ என்ற பெயரிலேயே விலைப்படும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட வாசனை ஒயின் சட்டத்தில் கல்ட்ட என்ரெ என்ற பெயருக்கு வரையறை எழுதியிருக்கிறார்கள். ஒயினோடு நுரை ஒயின் கலந்திருக்க வேண்டும், அது 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தேசிக்காய்ச் சுவைதான் தூக்கலாக நிற்க வேண்டும். அமெரிக்கப் போத்தல் இந்தச் சட்டத்தில் தேறாது.


சொல்லாய்வு | வியாழன், காலை 7.45

ரைன்கரை எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மிக்க நன்றி அம்மா. இனி வாத்து எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். நான் ஓய்வுபெற்ற மொழியாசிரியன். இந்த மாதிரிச் சொற்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. முதலில் இருந்த பெயர் வாத்து அல்ல, ‘குளிர்ந்த முடிவு’. ஜெர்மனில் முடிவுக்கு எண்டெ. விருந்தின் முடிவில் சூடான காபி வரும். அதற்குப் பதிலாகக் குளிர்ந்த ஏதாவது ஒன்றால் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார், மொசேல் ஒயின், ரைன் ஒயின், ஷாம்பெயின் மூன்றையும் சமபங்காகக் கலந்து எலுமிச்சை சேர்த்துக் கொடுத்தார்கள் என்று கதை போகும். கேட்டவராகச் சொல்லப்படுகிறவர் சாக்சனியின் கிளெமன்ஸ் வென்செஸ்லாஸ். ட்ரியர் நகரத்தின் கடைசி இளவரசப் பேராயர், 1739இல் பிறந்து 1812இல் இறந்தவர். அவர் ஆண்ட பகுதியில்தான் மொசேல் ஆறு ஓடுகிறது, ஒயின் விளைகிறது. அதனால் கதைக்கு அவர் பொருத்தமான ஆள். விருந்து முடிந்ததும் புட்டிகளில் மிஞ்சிய அடி ஒயினையெல்லாம் ஒன்றாக ஊற்றி ஷாம்பெயின் சேர்க்கும் பழக்கத்துக்கு ‘குளிர்ந்த முடிவு’ என்று பெயர் என்றும் சொல்வார்கள். இப்படி ஒரு பெயருக்கு இரண்டு கதை இருக்கும்போது இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது என் வழக்கம். பானம் புகழடைந்த பிறகு அதற்கு ஒரு பிரபுவைத் தேடிப் பிடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

ஆனால் ஒலிமாற்றம் நம்பும்படி இருக்கிறது. எண்டெக்கும் என்ரெக்கும் நடுவில் ஒரே ஒரு மெய்யொலிதான் வித்தியாசம். ஜெர்மனியின் நடுப்பகுதி வட்டார வழக்குகள் பலவற்றில் அந்த வல்லொலி மெலிந்துபோவதால் வாத்தும் முடிவும் காதுக்கு ஒன்றாகவே விழும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மன்காரர்கள் தவறாகக் கேட்டதை அமெரிக்காவில் சரியாக மொழிபெயர்த்தார்கள்! காதில் விழுந்த பிழை ஒரு மொழியில் நின்றது. அதைப் பொருள் பார்த்து மொழிபெயர்த்தபோது இன்னொரு மொழியில் வாத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது. ‘குளிர்ந்த முடிவு’க்குத் திரும்பிப் போக இனி வழியே இல்லை. சென்னையில் இதே மாதிரி ஒன்று நடந்ததாகச் சொல்வார்கள், பலருக்கும் தெரிந்திருக்கும். ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது, அதை வெள்ளைக்காரர்கள் திரும்பத் தங்கள் மொழிக்கு மாற்றி ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுதினார்கள். அங்கே முடி வெட்டுகிறவர் யாரும் இல்லை, இங்கே வாத்தும் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி இரண்டு படி ஏறி வந்த பெயர்கள்.


மெய்ப்பு | வியாழன், காலை 9.10

ஐயா, ஒரு சந்தேகம். நாங்கள் எழுதினால் ‘முடிவு’, ‘வாத்து’ இரண்டுக்கும் எண்டெ என்றுதான் எழுதுவோம். ரைன்கரை மட்டும் ‘என்ரெ’ என்று எழுதுகிறார், நீங்களும் அதையே எடுத்துக்கொண்டீர்கள். காரணம் உண்டா?


ரைன்கரை | வியாழன், இரவு 10.40

அது எங்கள் எழுத்துவழக்கு. ரொறன்ரோ என்று நாங்கள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ‘ன்ர’தான் இது. நீங்கள் ‘ண்ட’ போட்டால் எங்களுக்கு மெல்லிய ஒலியாகத்தான் கேட்கும். ஆகவே எங்கள் எழுத்தில் எண்டெ என்றால் முடிவு, என்ரெ என்றால் வாத்து.

தமிழ்நாட்டு எழுத்தில் இரண்டும் ஒரே சொல்லாக வருவதைப் பார்த்தால், ஜேர்மன்காரர் எப்படி மாறிக் கேட்டார்கள் என்பது தமிழருக்கு உடனே விளங்கும்.

இன்னொன்று. இங்கே பத்திரிகையில் பொய்ச்செய்தி வந்தால் அதையும் ‘என்ரெ’ என்றுதான் சொல்வார்கள். பேராயரின் கதையும் அப்படி ஒரு வாத்தாக இருக்கலாம் என்று ஐயா நினைப்பது எனக்கும் சரியாகப் படுகிறது.


பாலைக்குயில் | வெள்ளி, காலை 8.20

இந்த இழையை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நுரை ஒயின்களில் இப்படித் தவறுதலாகப் பெயர் பெற்றது வேறு ஏதாவது உண்டா? கேள்விக்கு வெளியே போகிறேன் என்றால் மன்னிக்கவும்.


ரைன்கரை | வெள்ளி, இரவு 9.05

உண்டு, அதுவும் இங்கேதான். ஜேர்மனியில் நுரை ஒயினுக்குப் பொதுப்பெயரே ‘செக்ட்’. ஆனால் அந்தச் சொல் முதலில் நுரை ஒயினைக் குறிக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த நுரை இல்லாத ஒயினுக்கான பெயர் அது. இத்தாலிய மொழியில் ‘செக்கோ’ என்றால் உலர்ந்த என்று பொருள், அந்த வேரிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஃபால்ஸ்டாஃப் ஓயாமல் கேட்கும் ‘சாக்’ அந்த ஒயின்தான். ஜேர்மன் மொழிபெயர்ப்பில் அதை ‘செக்ட்’ என்று போட்டார்கள்.

பெர்லினில் லுட்விக் டெவ்ரியன்ட் என்று பெரிய நடிகர். ஃபால்ஸ்டாஃப் வேடத்துக்குப் பேர்போனவர். நாடகம் முடிந்ததும் லுட்டர் உண்ட் வேக்னர் என்ற ஒயின் கடைக்குப் போவார், அவர் வழக்கமாகக் குடிப்பது ஷாம்பெயின். 1825இல் ஒரு இரவு, வேடத்தின் சூடு ஆறாமல், நாடக வசனத்திலேயே ‘செக்ட் கொண்டு வா, போக்கிரி!’ என்று பரிசாரகனை அதட்டினார் என்று கதை. அவனோ அவருடைய வழக்கம் தெரிந்தவன், ஷாம்பெயினையே கொண்டுவந்து வைத்தான். அங்கே கூடுகிறவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள், பிறகு நகரம், பிறகு நாடு. 1902இல் ஜேர்மன் பேரரசரான கைசர் தன் கடற்படைக்குக் காசு வேண்டி நுரை ஒயினுக்கு வரி போட்டபோது அது ‘செக்ட் வரி’. கைசரும் போனார், அவருடைய கப்பல்களும் போயின. நடுவில் சில வருஷம் நிறுத்தி வைத்தாலும் அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. முக்கால் லீட்டர்ப் போத்தலுக்கு 1.02 யூரோ.

எங்கள் இல்லத்து அம்மாவின் சாடியில் நான் கடைசியாக ஊற்றியதும் செக்ட்தான். யோசித்துப் பார்த்தால், பிழையாகப் பெயர் வந்த ஒன்றுக்குள் பிழையாகப் பெயர் வந்த இன்னொன்றை ஊற்றியிருக்கிறேன்.


கல்லாடம் | சனி, காலை 10.00

தாமதமாக வருகிறேன். எல்லாரும் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போடச் சொல்கிறீர்கள். நமக்குச் சொந்தச் சொல் இல்லையா? புறநானூற்றில் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று நக்கீரர் பாடுகிறார். கடல் தாண்டி வந்த திராட்சை மதுவுக்கு நம்மிடம் தேறல் என்ற சொல் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. தண் என்ற அடைகூடப் பக்கத்திலேயே நிற்கிறது. கோல்ட் டக்குக்குத் ‘தண்தேறல்’ என்று எழுதினால் எவ்வளவு அழகு!


சொல்லாய்வு | சனி, காலை 11.30

அழகில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வரியை வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அது பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் குடித்த தேறல், வளையணிந்த மகளிர் ஏந்திக் கொடுத்தது. நூல்வேலியின் கதையில் வருவது ஒரு தொழிலாளி வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த, பிளாஸ்டிக் தக்கை போட்ட மலிவு ஒயின். தண்தேறல் என்று எழுதிய நொடியில் அந்தக் கூடம் அரண்மனை ஆகிவிடும். வாசகர் அந்த அம்மாளைத் தவறாகப் புரிந்துகொள்வார்.

ஒரு பானத்தின் பெயர் திரவத்தை மட்டும் சொல்வதில்லை, யார் கை அதை எடுத்து வருகிறது என்பதையும் சொல்கிறது. கோல்ட் டக் என்ற பெயரை அந்தக் காலத்து அமெரிக்கர் கேட்டவுடன் விலை தெரிந்துவிடும், இனிப்பு தெரிந்துவிடும், அந்த வீட்டில் அது வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் திறக்கப்படும் என்பதும் தெரிந்துவிடும். ஐம்பது வருஷம் கழித்து, வேறு மொழியில், இவ்வளவையும் ஒரே சொல்லால் கொண்டுவர முடியாது. ஆனால் கெடுக்காமல் இருக்கலாம்.


குருவிக்கூடு | சனி, மதியம் 1.15

அப்படியென்றால் ஷாம்பெயின் என்று போட்டுவிட்டால் என்ன? தமிழ் வாசகருக்கு உடனே புரியும். புத்தாண்டு, தக்கை, நுரை எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிடும்.


ஏரிக்கரை | சனி, மாலை 6.40

வேண்டாம் என்பேன். ஷாம்பெயின் என்று போட்டால் அந்த வீடு வசதியான வீடாகிவிடும். கதாசிரியர் வேண்டுமென்றேதான் ஷாம்பெயினைத் தவிர்த்திருக்கிறார். எங்கள் பக்கத்து வீட்டில், கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி இருந்தார். கோல்ட் டக் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: ‘ஷாம்பெயின் டிவியில் வருகிறவர்கள் குடிப்பது. நாங்கள் கோல்ட் டக் குடித்தோம்.’ வருத்தமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். கால் இல்லாத சின்னக் கண்ணாடி டம்ளர்களில், ஜெல்லி வாங்கிக் காலியான டம்ளர்களில், ஊற்றிக் குடிப்பார்களாம்.


நூல்வேலி | சனி, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. ஏரிக்கரை, அந்த ஜெல்லி டம்ளர் என் கதையிலும் வருகிறது! ‘ஜெல்லி ஊற்றிய கண்ணாடிக் கிண்ணங்கள்’ என்று எழுதி, வாத்துக்கறியோடு அதுவும் ஒரு பதார்த்தம் என்று நினைத்திருந்தேன். அதையும் இன்றே மாற்றிவிட்டேன்.

கோல்ட் டக் என்றே எழுதுவது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. பையன் தும்மிய பிறகு டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, ‘வாத்து எங்கே?’ என்று கேட்கிறான். அப்பா பதில் சொல்லாமல் அவன் தலையைத் தடவுகிறார். அவருக்கு வேலை போன செய்தி அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். கதையின் உயிரே அந்த இடம்தான். கோல்ட் டக் என்று வெறும் ஒலியாகப் போட்டால் பையனின் கேள்வி தமிழில் காற்றில் தொங்கும். குளிர்வாத்து என்று மொழிபெயர்த்தால் கேள்வி நிற்கும், ஆனால் பானம் போய்விடும், முன்பு போலக் கறி ஆகிவிடும். அடிக்குறிப்பை அந்த இடத்தில் வைக்கவே கூடாது. அப்பாவின் கை பையன் தலையில் இருக்கும்போது வாசகரைப் பக்கத்தின் அடிக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.


மெய்ப்பு | சனி, இரவு 10.12

இது தெரிந்திருந்தால் முதல் நாளே வேறு மாதிரி எழுதியிருப்பேன். அடிக்குறிப்பு யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.


பாலைக்குயில் | சனி, இரவு 10.30

அக்கா, ‘டக்’ என்றால் வாத்து என்று தமிழில் யாருக்குத் தெரியாது? கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் ‘டக் அவுட்’ தெரியும், கார்ட்டூன் பார்க்கிற வீட்டில் டொனால்ட் டக் தெரியும். என் ஏழு வயது மகளிடம் இப்போதுதான் சோதித்தேன். ‘இது ஒரு ஜூஸ், பேர் கோல்ட் டக்’ என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ‘ஜூஸுக்கு ஏன் வாத்து பேர் வச்சாங்க?’ என்று உடனே கேட்டாள். உங்கள் பையன் கேட்ட கேள்வியேதான்.

அதனால் பெயர் கோல்ட் டக் என்றே இருக்கட்டும், பையன் ‘வாத்து’ என்று தமிழில் கேட்கட்டும். இரண்டையும் சேர்த்துக்கொள்வதை வாசகரிடம் விட்டுவிடலாம்.


சொல்லாய்வு | ஞாயிறு, காலை 6.50

குழந்தை தீர்த்துவைத்துவிட்டது. இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. முதல் இடத்தில் மட்டும் ‘புட்டி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலத்தில் இல்லாவிட்டாலும் அது குற்றமில்லை. மூல வாசகருக்குப் பெயரிலேயே புட்டி தெரிந்தது, நம் வாசகருக்குத் தெரியாது.


நூல்வேலி | ஞாயிறு, இரவு 8.45

மூன்று இடத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

‘பத்து நிமிடம் இருந்தது. அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து கோல்ட் டக் புட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மற்றொரு கையில், ஜெல்லி தீர்ந்து கழுவி வைத்த டம்ளர்கள் நான்கு.’

அப்புறம் அடுத்த பக்கத்தில்:

‘அவனுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். மூக்கில் ஏறித் தும்மினான். டம்ளரைக் கண்ணருகே கொண்டுபோய் உள்ளே பார்த்தான். “இதுல வாத்து எங்க?” என்றான். அப்பா அவன் தலையைத் தடவினார்.’


ரைன்கரை | ஞாயிறு, இரவு 11.55

வடிவாக இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போகும்போது அந்த அம்மாவிடம் சொல்லப் போகிறேன், தன்னுடைய வாத்து ஒஹாயோ போய்த் தமிழில் வந்து இறங்கியிருக்கு என்று. புத்தகம் வந்தால் ஒரு பிரதி இங்கேயும் அனுப்புங்கோ.